பிச்சாவரத்தில் மூன்று மணி நேரம்: காட்டுயிர்ச் சுற்றுலாப் பணம் ஊரில் தங்க ஒரு முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிச்சாவரம் படகுத்துறையில் நின்று பாருங்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு கார் வந்து நிற்கும். ஆறு பேர் இறங்குவார்கள். படகில் ஒரு மணி நேரம் சுற்றி, சுரபுன்னை வேர்களுக்கு நடுவே படம் எடுத்து, கரையேறி ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குச் சிதம்பரம் போய்விடுவார்கள். அந்தக் குடும்பம் அன்றைக்குச் செலவழித்ததில் அறை வாடகையும் கார் வாடகையும் புதுச்சேரிக்கு, சாப்பாட்டுக் காசு சிதம்பரத்துக்கு, படகுச் சீட்டு அரசுக்கு. பக்கத்து ஊரான கிள்ளைக்கும் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களுக்கும் வந்தது இளநீர்க் காசும், துடுப்பு போட்டவர் கையில் திணித்த ஐம்பது ரூபாயும்தான்.

"இன்னும் நிறைய பேர் வந்தால் ஊர் பிழைச்சுக்கும்" என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சில வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் கூடினால் குப்பை கூடும், சத்தம் கூடும், பறவை இன்னும் உள்ளே தள்ளிப் போய்விடும். ஊர்க்காரர் கைக்கு வரும் பணம் மட்டும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஒரு மணி நேரம் இருப்பவர் இளநீர் வாங்குவார். மூன்று மணி நேரம் இருப்பவர் டிபன் சாப்பிடுவார், வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பார், போகும்போது கருவாடும் முந்திரியும் வாங்குவார். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகிறது: வந்தவரை ஊரில் எப்படி மூன்று மணி நேரம் இருக்க வைப்பது?

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து மகளிர் குழுக்களையும் மீனவர் குப்பங்களையும் இருளர் குடியிருப்புகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். புதுச்சேரியின் ஊசுடு ஏரிக் கரையில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: நோட்டும் பேனாவுமாக இரண்டு ஞாயிறு

எந்தத் திட்டமும் போடுவதற்கு முன்னால், குழுவில் இரண்டு பேர் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை படகுத்துறை அருகே உட்காருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு விஷயம் எழுதினால் போதும். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை பேர், ஊரில் என்ன வாங்கினார்கள். வண்டி எண் வேண்டாம், பெயர் வேண்டாம்.

இதைச் செய்யச் சொன்னால் "எங்களுக்குத் தெரியாததா" என்பார்கள். எழுதிப் பார்த்த பிறகு முகம் மாறும். காலை எட்டு மணிக்கு முன்னால் எத்தனை வண்டி வந்தது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். வெயில் ஏறாத, பறவை கூட்டம் கூட்டமாக இரை தேடும், காற்று அடங்கியிருக்கும் நேரம் அது. நாளின் மிகச் சிறந்த சரக்கு, வாங்க ஆளில்லாமல் தினமும் வீணாகிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் படி: எது யாருடையது என்று தெரிந்துகொள்வது

இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் அதிகம் அடிபட்டவர்கள். பிச்சாவரம் அலையாத்திக் காடு வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே இருக்கிறது. வனத்துறையின் காடு. 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்குள் சொந்தத் தோணியில் ஆள் ஏற்றிக் காசு வாங்குவது அனுமதி இல்லாத வேலை. படகுத்துறை நடத்துவது அரசு. அதனால் முதல் வருஷம் படகைக் கனவிலும் நினைக்காதீர்கள். படகைச் சுற்றியுள்ள மற்ற இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது.

கரையோர நிலத்துக்குக் கடற்கரை ஒழுங்காற்று விதிகள் உண்டு. 2019 அறிவிக்கையின்படி அலையாத்திக் காடு மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வருகிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட காடாக இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் காப்புப் பட்டையும் சேரும். அங்கே கூரை போட்டு ஓட்டல் திறக்க முடியாது. ஆனால் அதே அறிவிக்கை கடலோர ஊர்க்காரருக்கு ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்பையும் அமைப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைக்கலாம். புது 'ரிசார்ட்' கட்ட வருகிறவருக்கு இல்லாத வசதி, பழைய வீட்டுக்காரருக்கு இருக்கிறது.

நமீபியாவில் 1996இல் சட்டத்தைத் திருத்தி, குழுவாகப் பதிவு செய்துகொண்ட கிராமங்களுக்குக் காட்டுயிர் மூலம் வரும் வருமானத்தில் நேரடி உரிமை கொடுத்தார்கள். நம் ஊரில் அப்படி ஓர் உரிமை கிடையாது. படகுச் சீட்டில் பங்கு கேட்டு மனு எழுதுவதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். அந்த மனுவை நம்பி மற்ற வேலையை நிறுத்திவைப்பதுதான் தப்பு.

கிராம ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் பேசித் தீர்மானம் வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. கிள்ளை பேரூராட்சி, அங்கே மன்றத்தில் பேச வேண்டும். புதுச்சேரிப் பக்கம் என்றால் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம். எங்கேயானாலும் வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய், 'நாங்கள் கரையில் இன்னின்ன செய்யப்போகிறோம்' என்று எழுத்தில் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு காகிதம் பின்னால் பத்து சண்டையைத் தடுக்கும்.

மூன்றாம் படி: கழிப்பறை

பறவைக்கு முன்னால் இது. சிரிக்காதீர்கள். நான் முதல்முதலில் அழைத்துப் போன குழுவில் ஐந்து பெண்கள். ஒரு மணி நேரம் நடந்ததும் ஒருவர் என்னிடம் மெதுவாக, "இங்கே எங்கேயாவது..." என்று ஆரம்பித்தார். இல்லை என்றேன். கால் மணி நேரத்தில் மொத்தக் குழுவும் காரில் ஏறிவிட்டது. அன்றைக்குச் செய்து வைத்திருந்த நாற்பது இட்லி அப்படியே கிடந்தது.

கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் மூன்று மணி நேரம் இருக்கமாட்டார்கள், பெண்கள் கிளம்பினால் குடும்பமே கிளம்பிவிடும். புதிதாகக் கட்ட வேண்டாம். நடக்கும் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வீடுகளோடு பேசி, அவர்களுடைய கழிப்பறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள். தாழ்ப்பாள், வாளி, தண்ணீர், சோப்பு, மூடியுள்ள குப்பைக் கூடை. உங்கள் முதல் முதலீடு இவ்வளவுதான்.

நான்காம் படி: பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் எழுதுவது

சுற்றுலாவை முழுநேரத் தொழிலாக நம்பி வலையை விற்றுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தத் தாளில் இருக்கிறது. இடமிருந்து வலமாக மாதங்களை எழுதி, கீழே மூன்று வரிசை போடுங்கள். உயிரினங்கள், ஊர் வேலை, விருந்தினர்.

வலசைப் பறவைகள் மழைக்காலத்தோடு வரத் தொடங்கி, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நிறைந்திருக்கும். மார்ச்சில் குறையும். ஊசுடு ஏரியில் வாத்துக் கூட்டம் பார்க்க வேண்டுமானால் டிசம்பர், ஜனவரி. அங்கே புதுச்சேரிப் பகுதியை 2008இலும் தமிழ்நாட்டுப் பகுதியை 2014இலும் சரணாலயமாக அறிவித்தார்கள். ஒரே ஏரி, இரண்டு அரசு. பறவைக்கு அந்தக் கோடு தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் வடக்கே மரக்காணம் பக்கம் கழுவேலி இருக்கிறது. அங்கே 2021இல் சரணாலயம் அறிவித்தார்கள், 2024இல் ராம்சர் தகுதியும் வந்தது. புதுச்சேரியில் தங்கும் பறவை ஆர்வலர் இந்த மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்படுவார். அந்தந்த ஊர்க் குழுக்கள் ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பிக்கொண்டால் எல்லாருக்கும் லாபம்.

பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு பொரிக்கும். கடலூர்க் கரையில் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது.

ஊர் வேலை வரிசையில் தடைக்காலத்தைச் சிவப்பு மையால் எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் கையிருப்பு குறையும் அந்த மாதங்களில்தான் பள்ளி விடுமுறைக் கூட்டமும் வருகிறது, ஆனால் வலசைப் பறவை இருக்காது, வெயில் மண்டையைப் பிளக்கும். எனவே கோடைக்கு வேறு சரக்கு வேண்டும். விடியற்காலை நடை, நண்டும் சேற்றில் துள்ளும் மீனும், பண்ருட்டிப் பலா, பிள்ளைகளுக்கு வலை பின்னக் கற்றுக்கொடுப்பது. மாறாக, பறவை நிறைந்த டிசம்பரில் மழையும் புயலும் உண்டு. 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சலையும் இந்தக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். நவம்பர், டிசம்பர் முன்பதிவுக்கு முழுப் பணம் வாங்காதீர்கள். வானிலை எச்சரிக்கை வந்தால் பேச்சே இல்லை, ரத்து.

மூன்று வரிசையையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல வருமானம் வரக்கூடிய நாட்கள் எவ்வளவு கொஞ்சம் என்று தெரியும். அது தெரிந்தால் யாரும் கடன் வாங்கிப் பெரிதாக எதையும் கட்டமாட்டார்கள்.

ஐந்தாம் படி: யார் கூட்டிப் போவது, என்ன சொல்வது

வழிகாட்டி என்றதும் இங்கிலீஷ் பேசும் பையனைத் தேடுகிறார்கள். அவன் வேண்டும்தான், ஒருவன் போதும். அவனோடு கூடப் போகவேண்டியது உப்பங்கழியிலேயே வளர்ந்த ஆள். தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று சேற்றின் நிறத்தைப் பார்த்துச் சொல்பவர், நரியின் காலடியை நாய்க்காலடியிலிருந்து பிரித்துக் காட்டுபவர். பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் பிற்பகுதியில், காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களையே வழிகாட்டிகளாக்கினார்கள். காட்டின் இண்டு இடுக்கெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தானே. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியபோது நடந்ததும் அதேதான். தோலுக்காகப் பாம்பு பிடித்த கை, நஞ்சு எடுத்து மருந்துக்குக் கொடுக்கும் கையானது. அறிவு பழையது, அதற்குக் கிடைத்த கூலி புதியது.

பயிற்சியைப் பறவைப் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஊரில் வழங்கும் பெயர் எல்லாவற்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, கூழைக்கடா, நாமக்கோழி, உள்ளான். இந்தப் பெயரைக் கேட்டாலே பாதிப் பறவை கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் படப் புத்தகத்தை வைத்து இங்கிலீஷ் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் பரங்கிப்பேட்டையில் 1961 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மீன், நண்டு, சிப்பி எதுவானாலும் பெயர் சொல்ல ஆள் உண்டு.

பிறகு கதை. கதை என்றால் புளுகு இல்லை, இந்த இடத்தில் உண்மையாக நடந்தது. மூன்று கதைகளை ஒவ்வொரு வழிகாட்டியும் தன் வார்த்தையில் சொல்லப் பழகட்டும்.

ஒன்று, தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வரவேண்டும். கிளையை ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இதைக் காட்டினால் வாயடைத்துப் போவார்கள். தூர நின்று காட்டுங்கள்.

இரண்டு, காடு செத்துப் பிழைத்த கதை. இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கலாம், அவ்வளவு நல்ல கதை. ஒரு காலத்தில் இந்தக் காட்டை அரசே கட்டம் கட்டமாக வெட்டியது. வெட்டிய இடத்தில் மண் காய்ந்து தாழ்ந்தது, தட்டு மாதிரி பள்ளமானது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு ஏறி, எந்தக் கன்றும் பிடிக்காமல் போயிற்று. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டின. நடுவே ஒரு முதுகெலும்பு, இரு பக்கமும் கிளை வாய்க்கால். தண்ணீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் கன்று நின்றது. வழிகாட்டி ஒரு குச்சியை எடுத்துச் சேற்றிலேயே இந்தப் படத்தை வரைந்து காட்ட வேண்டும். மண்வெட்டி பிடித்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களே சொன்னால் இன்னும் சிறப்பு.

மூன்று, 2004 டிசம்பர் 26 சுனாமி. கடலூர்க் கரையில் மரம் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் மற்ற ஊர்களைவிடக் குறைவாகச் சேதப்பட்டன. அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள்கூட வந்தன. ஆனால் இந்தக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது சொல்பவரின் விருப்பம். உறவைப் பறிகொடுத்தவரிடம் "சுனாமியப் பத்திச் சொல்லுங்க" என்று விருந்தினர் கேட்டால், குழுவில் இன்னொருவர் பேச்சை மாற்ற வேண்டும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இருளர் பெண்கள் சேற்றில் இறங்கி, பறியை வாயில் கவ்விக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிப்பதைப் படம் எடுக்கக் கேமராக்காரர்கள் அலைகிறார்கள். அது அவர்களுடைய வேலை நேரம். அதைக் காட்சியாக்கி டிக்கெட் போடாதீர்கள். அந்தப் பெண்களே குழுவாக முடிவெடுத்து, எந்த நாள், எத்தனை பேர் பார்க்கலாம், எவ்வளவு கூலி, படம் எடுக்கலாமா கூடாதா என்று அவர்களே சொன்னால் அது வேறு. முடிவு 'வேண்டாம்' என்றாலும் அதுதான் முடிவு. குடியிருப்புக்குள் வீடு வீடாக அழைத்துப் போவது எந்த நாளும் கூடாது.

ஆறாம் படி: ஒரு காலைப்பொழுதைக் கட்டுவது

ஆறு மணிக்குக் கடுங்காப்பி. வெறும் வயிற்றோடு சேற்றங்கரையில் நிற்க வைத்தால் எந்தப் பறவையும் ரசிக்காது. ஆறே காலுக்கு நடை தொடங்கலாம். படகுச் சீட்டு கொடுக்க ஆரம்பிப்பதற்கு முந்தைய இந்த நேரம் முழுக்க உங்களுடையது. பொதுவழியாக உள்ள சாலையோரம், வாய்க்கால் கரை, உப்பங்கழி ஓரம் என்று ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேருக்கு இரண்டு வழிகாட்டி. எட்டுக்கு மேல் போனால் பின்னால் வருகிறவர் பேச ஆரம்பிப்பார், கொக்கு எழுந்துவிடும்.

குறைந்தது இரண்டு தொலைநோக்கி வேண்டும். ஊசுடு ஏரிக் கரையில் அது இல்லாமல் வேலைக்காகாது, நடு ஏரியில் மிதப்பது வாத்தா வெறும் நிழலா என்றே தெரியாது. பிச்சாவரத்தில் சமாளிக்கலாம். கண்ணுக்குப் பக்கத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது. ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த குட்டி நண்டு அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டை அழைப்பது, சேற்றிலிருந்து ஆணி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர், வெண்கண்டல் மரத்து இலையின் அடிப்புறத்தை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிப்பது (தில்லை இலையைத் தொடவே கூடாது). பிள்ளைகள் இருந்தால் நண்டிலேயே அரை மணி நேரம் போய்விடும், போகட்டும்.

எட்டு மணிக்குச் சாப்பாடு. ஓட்டல் மாதிரி பூரி, பொங்கல் என்று நீட்டாதீர்கள். இட்லியும் சிதம்பரம் கொத்சுவும், பக்கத்தில் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுத் துவையலும். அசைவம் கேட்பவர்களுக்கு முன்தினமே சொன்னால் நண்டுக் குழம்பு. உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தொழிலுக்கான பதிவு கட்டாயம். குழுவின் பெயரிலேயே போடுங்கள். ஞெகிழித் தட்டு, பாட்டில் தண்ணீர் இரண்டும் கிடையாது. வாழை இலை, பானைத் தண்ணீர். குடிநீரைக் காய்ச்சியதா என்று கேட்பார்கள், காய்ச்சியே வையுங்கள்.

சாப்பிட்டு எழுந்ததும் படகுத்துறை வரை கூட்டிப் போய், துடுப்புப் படகா மோட்டார் படகா என்று கேட்டால் துடுப்பு என்று சொல்லிவிடுங்கள். குறுகலான கால்வாய்க்குள் சத்தமில்லாமல் நுழைவது அதுதான். படகிலிருந்து இறங்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். முதலில் சொன்ன அந்தக் கார் அப்போதுதான் வந்துகொண்டிருக்கும்.

ஏழாம் படி: காசு

ஒரு கணக்குக்கு, தலைக்கு 600 ரூபாய் என்று வைப்போம். படகுச் சீட்டு தனி, அதை விருந்தினர் நேரே கவுன்டரில் கட்டிவிடுவார். எட்டுப் பேர் வந்தால் 4,800. வழிகாட்டி இருவருக்குத் தலா 700, மொத்தம் 1,400. சமைத்த இருவருக்குத் தலா 400, அது 800. சாமான் செலவு தலைக்கு 80 வீதம் 640. கழிப்பறை, போன், சில்லறை 200. ஆள் அனுப்பிய விடுதிக்குப் பத்தில் ஒரு பங்கு 480. இவ்வளவும் போக மிஞ்சுவது 1,280.

அந்த 1,280ஐ அன்றைக்கே பிரித்துக்கொள்ளத்தான் எல்லாருக்கும் தோன்றும். வேண்டாம். குழுக் கணக்கில் கிடக்கட்டும். அதில் பாதியைத் தொலைநோக்கி, முதலுதவிப் பெட்டி, ரத்தான நாளுக்குக் கொடுக்கவேண்டிய அரைக் கூலி ஆகியவற்றுக்கு வையுங்கள். மீதியை, இந்தத் தொழிலில் இல்லாமலே இந்த உயிரினங்களால் இழப்பவர்களுக்கு வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆமை சிக்கினால் வலையை அறுத்து விடுகிற மீனவருக்கு யார் வலை வாங்கித் தருவது? மணிலாக் (வேர்க்கடலை) கொல்லையை மயில் கிளறிப்போட்ட விவசாயிக்கு? பறவையால் சிலர் சம்பாதித்து, பறவையால் வேறு சிலர் நஷ்டப்பட்டால், ஊர் இரண்டாகும். நூறு, இருநூறாக இருந்தாலும் அந்த வலைக்கு ஒரு பங்கு போனால் அவரும் இதில் ஒருவர்.

ஒரு சீசனில் இப்படி இருபது காலைப்பொழுது ஓடினால் ஒரு வழிகாட்டிக்கு 14,000 ரூபாய் கிடைக்கும். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கும் வலை பழுதுக்கும் ஆகும். குடும்பத்தை நடத்த ஆகாது. இதை முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

யூபிஐ அட்டை குழுவின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், தனி ஆளின் போனுக்கு வேண்டாம். நல்லவர்கள் நிறைந்த ஒரு குழு இந்த ஒரே காரணத்தால் மூன்று மாதத்தில் உடைந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். யாரும் திருடவில்லை. கணக்கு ஒருவர் போனில் இருந்தது, அவ்வளவுதான்.

எட்டாம் படி: தாண்டக் கூடாத கோடுகள்

ஆமை விஷயத்தில் விளையாட்டே கிடையாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. துன்புறுத்தினாலோ முட்டையைத் தொட்டாலோ மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை கிடைக்கலாம். 'இரவில் ஆமை பார்க்க அழைத்துப் போகிறோம்' என்று நீங்களாக விளம்பரம் போடாதீர்கள். வனத்துறை அனுமதித்து, அவர்கள் ஆளோடு குஞ்சு விடும் நாளில் பார்ப்பது மட்டும்தான். அன்றும் வெள்ளை விளக்கு, பிளாஷ் வேண்டாம், குஞ்சைக் கையில் எடுக்கவும் கூடாது. குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை, கரையில் ஒரு பல்ப் எரிந்தால் திசை மாறி ஊருக்குள் வந்துவிடும். கடற்கரையில் வீடு இருப்பவர்கள் ஜனவரி முதல் மே வரை வெளிவிளக்கை அணைத்துவைத்தால், எந்தச் சுற்றுலாவையும்விட அது பெரிய காரியம்.

பறவைக்கு இரை போடுவது, போனில் குரல் ஒலிக்கவிட்டு வரவழைப்பது, ட்ரோன், கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பது, எதுவும் கூடாது. பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் ஏற்கெனவே ஓரடி அதிகம் போய்விட்டீர்கள். விருந்தினர் வற்புறுத்தினால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இதைச் சொல்லும் அதிகாரம் நடையில் இருக்கும் வழிகாட்டிக்கே இருக்க வேண்டும், தலைவியைப் போனில் கேட்டுச் சொல்கிறேன் என்றால் காரியம் கெட்டது.

பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்கைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் சாய்ந்தது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. காட்டுயிர் பார்க்கும் படகுக்கே உரிய ஆபத்து இது. உங்கள் விருந்தினர் படகில் ஏறுமுன் நீங்களே சொல்லுங்கள்: மிதவை அங்கியின் கொக்கியை மாட்டுங்கள், நரியே வந்தாலும் எழுந்திருக்காதீர்கள். அங்கி இல்லாத படகு என்றால் ஏற்றாதீர்கள். சேறு, வெயில், பாம்பு ஆகியவற்றுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த வண்டி, யார் ஓட்டுவார் என்பது முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். 108 எண்ணை எல்லாருக்கும் தெரியும், அது வந்து சேரும் வரை என்ன செய்வது என்பதுதான் பயிற்சி.

ஒன்பதாம் படி: யாரிடம் சொல்வது

பெரிய இணையதளங்களில் போடுவது பிறகு. புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பத்துப் பதினைந்து சிறு விடுதிகளின் வரவேற்பு மேசைக்கு நேரில் போங்கள். அங்கே இருக்கும் பையனையோ பெண்ணையோ ஒரு நாள் இலவசமாக அழைத்து வந்து, காப்பி கொடுத்து, நண்டைக் காட்டி அனுப்புங்கள். "காலையில எங்க போகலாம்?" என்று விருந்தினர் கேட்கும்போது பதில் சொல்பவர் அவர்தான். சிக்கல் ஒன்று உண்டு. புதுச்சேரியிலிருந்து ஆறு மணிக்கு இங்கே வர நாலரைக்காவது கிளம்ப வேண்டும், பலர் மாட்டார்கள். அதற்குத்தான் முந்தைய இரவு தங்க ஊரில் இரண்டு அறை. இரண்டாம் வருஷத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

முதல் சீசன் முடிந்து மார்ச் வந்ததும் குழு ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். எந்த வழிகாட்டிக்கு எத்தனை முறை வாய்ப்பு வந்தது, சமைத்தவருக்குக் கூலி பாக்கி உண்டா, நவம்பரில் கொக்கு உட்கார்ந்த மரத்தில் பிப்ரவரியில் உட்கார்ந்ததா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் அடுத்த வருஷம் அந்தப் பாதையை மாற்றுங்கள், ஆள் எண்ணிக்கையை ஆறாக்குங்கள். அப்புறம் அந்தப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு ஞாயிறு படகுத்துறையில் உட்காருங்கள். கார் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது. போன வருஷப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே எழுதுங்கள், ஒப்பிட வசதி.